அஞ்சுகம் அப்பா பறவை பார்க்கப் போன கதை

"இனிமேல் நான் பறவை பார்க்கிறவன்!" என்று வாசற்படியில் நின்றே அறிவித்தார் அஞ்சுகம் அப்பா.

மார்கழி மாதம். விளக்கு வைக்கிற நேரம். நான் அடுப்பில் உலை ஏற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் கழுத்தில் பெரிய பைனாகுலர் தொங்குகிறது. அதன் கனத்தில் மனுஷர் குனிந்து நிற்கிறார். புதுசாக மணி கட்டின மாடு மாதிரி இருந்தது. சொல்லவில்லை. நான் நினைப்பதில் பாதியைத்தான் சொல்வேன். அதையும் அடுப்பைப் பார்த்துத்தான் சொல்வேன்.

"பார்த்து என்னங்க பண்ணணும்?"

"எண்ணணும். ஞாயித்துக்கிழமை விடியக்காலம் அரசலாறு முகத்துவாரத்துல ஆரம்பிச்சு, கடலோரமாவே நடந்து, சாயங்காலம் நம்ம பட்டினத்துக்கு வந்துடுவேன். குளிருக்குப் பயந்து எங்கேர்ந்தெல்லாம் வருது தெரியுமா? ருஷ்யாவுலேர்ந்து வருது லோகு!"

"அவ்வளவு தூரம் பறந்து களைச்சு வந்திருக்கும். நீங்க வேற போய் உத்துப் பார்க்கணுமா?"

"உனக்கு அறிவியல் புரியாது" என்றார். அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் நான். புரியாதுதான்.

ஆனால் அவரைப் புரியும். காக்காய்க்கும் குயிலுக்கும் வித்தியாசம் கூவினால்தான் அவருக்குத் தெரியும். உரித்து மஞ்சள் தடவி வைத்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டே எந்தப் பறவைக்கும் பேர் சொல்வார்.

பைனாகுலர் பூமிநாதனுடையது. உரச் சொசைட்டியில் இவரோடு வேலை பார்க்கிறவர். அவருடைய மாமா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாயாக இருந்து சைகோனிலிருந்து கொண்டுவந்தது. அதில் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் சண்டை போட்டார்களாம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். "அஞ்சுகம் அப்பா" என்று எழுதிக்கொண்டே போகிறேனே, அவருக்கென்று ஒரு பேர் இருக்கிறது. நான் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்வது கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையை நீட்டுவேன். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் "தகப்பன் பேரு?" என்று கேட்டபோது நான் தலையைக் குனிந்தேன். பக்கத்து வீட்டு ஷரீபுன்னிசா அக்காதான் எட்டிச் சொன்னார்கள். அவர்களும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் வீட்டுச் சீட்டுக்கு நான் சொல்வேன். இப்படி மாற்றி மாற்றி எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

அந்த ஆஸ்பத்திரிக்கு ஏன் போனோம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் அஞ்சுகத்துக்குக் காய்ச்சல் கண்டு, உடம்பு விறைத்து, கண் மேலே செருகிவிட்டது. ஒன்றரை வயசுப் பிள்ளை. அந்த வராண்டாவிலேயே மஞ்சள் துணியில் காசு முடிந்தேன். வைத்தீஸ்வரன் கோயிலில் பிள்ளைக்கு முடியிறக்குகிற வரைக்கும் பெற்றவர்கள் ரெண்டு பேரும் கவிச்சி தொடமாட்டோம், அவளைக் கொடுத்துவிடு தாயே என்று. முடிச்சின் மேல் அவர் கையையும் வைக்கச் சொன்னேன். அழுதுகொண்டே வைத்தார். பிள்ளை பிழைத்தாள். தை மாதம் நாள் குறித்திருந்தது.

நடுவில் கிடந்தது மார்கழி. மார்கழியில்தான் உள்ளான் வரும்.

சேற்றில் மூக்கைக் குத்திக் குத்தி ஓடுகிற சின்னப் பறவை அது. கண்ணி வைத்துப் பிடித்து, காலைக் கட்டிக் கொத்துக் கொத்தாகக் கொண்டுவந்து விற்பார்கள். மிளகு தட்டிப் போட்டு வறுத்தால்... என்னத்துக்கு மறைக்க வேண்டும், எனக்கும் நாக்கில் ஊறும். அவர் எப்படிப்பட்டவர் என்றால், உள்ளான் விற்கிறவர் தெருமுனையில் திரும்பும்போதே இவர் மூக்கு வாசலுக்கு வந்துவிடும்.

"ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு என்ன கட்டட்டும்?" என்று கேட்டேன்.

"வெறும் சோறு போதும்."

"தொட்டுக்க?"

"ஒண்ணும் வேணாம்."

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அப்பளம் சுடவில்லை என்றால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிற மனுஷர். மறுநாள் பார்த்தால் மிளகு டப்பா லேசாக இருக்கிறது. பறவையைப் பார்க்க மிளகு எதற்கு? சாப்பிடுவது அவர் நாக்கு. செருகுவது பிள்ளையின் கண் அல்லவா?

ஷரீபுன்னிசா அக்காவிடம் கொல்லை வேலி வழியே சொன்னேன்.

"நேரா கேட்டுட வேண்டியதுதானேடி?"

"கேட்டா இல்லைம்பாங்க. இல்லைன்னு சொல்லிட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை போவாங்க. அவங்களா வேணாம்னு வைக்கணும்க்கா."

"அப்ப நீயும் கூடவே போ."

"நானா?"

"ஏன், கால் இல்லையா? வாய்தான் இல்லை உனக்கு. புள்ளை என் வீட்ல கெடக்கட்டும். பால் குடி மறந்தா ஒனக்கும் நல்லதுதான்."

அன்று சாயங்காலம் கேட்டேன். அவர் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி நின்றது.

"நீயா? பறவை பார்க்கவா? அங்கெல்லாம் கைப்பிள்ளைக்காரி வரக்கூடாது."

"ஏங்க?"

சுவரைப் பார்த்தார். சுவரில் பதில் இல்லை. மேலே ஓட்டைப் பார்த்தார். அங்கிருந்து இறங்கியது.

"அங்க ஒருத்தி இருக்கா."

"யாரு?"

"புயல்ல போனவ. ரெண்டு வருஷமாச்சுல்ல? புள்ளையை இடுப்புல வச்சிக்கிட்டே ஆத்தைக் கடந்திருக்கா. புள்ளை போயிடுச்சு. அதைத் தேடிக்கிட்டு முகத்துவாரத்துலயே நிக்கிறா. கைப்பிள்ளைக்காரியைக் கண்டா கிட்ட வருவா."

"செத்தவங்களை இழுக்காதீங்க" என்றேன். நிஜமாகவே எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் புயலில் எங்கள் தெருவிலேயே போனவர்கள் உண்டு.

"நான் ஏன் இழுக்கறேன்? உள்ளதைச் சொல்றேன்."

"எப்படி இருப்பா?"

"வெள்ளை முக்காடு. ஒத்தைக் கால். இன்னொரு காலு சேத்துல போச்சு."

"பேசுவாளா?"

"பேச மாட்டா. பேர் சொல்லிக் கூப்பிடுவா. மூணு தடவை. பறவை கத்துற மாதிரியே இருக்கும். மூணாவது தடவை கூப்பிட்டா, அவ்வளவுதான்."

சொல்லச் சொல்ல அவருக்கே ருசி தட்டிவிட்டது. கண் பெரிசாகிறது. கை ஆடுகிறது. நான் மெதுவாகக் கேட்டேன்.

"அப்ப நீங்களும் போக வேண்டாங்க. உங்களைக் கூப்பிட்டுட்டா?"

மாட்டிக்கொண்டார். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"என்னை ஒண்ணும் செய்ய மாட்டா. கொடுத்த வாக்கைக் காப்பாத்தறவனை அவ தொட மாட்டா. வாக்குத் தப்பினவனைத்தான் புடிப்பா."

"அப்படிங்களா?" என்று பெருமூச்சு விட்டேன். "அப்ப நமக்கு என்ன பயம்? பிள்ளையை அக்காகிட்ட விட்டுட்டு நானும் வர்றேன். நாம ரெண்டு பேருமே வாக்குத் தப்பாதவங்கதானே?"

அவர் துடைத்து முடித்த பைனாகுலரையே மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போனோம். அரசலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கி, ஆற்றங்கரையோடு கிழக்கே நடந்தோம். வெள்ளையாகப் பனி. முன்னால் போகிற அவர் முதுகு தெரிகிறது, தலை தெரியவில்லை. பொழுது விடிந்த பிறகும் வெயில் வரவில்லை. மந்தாரம் போட்டுவிட்டது. ஆறு எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில், மூடி வைத்த பாத்திரத்துக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. அலைச் சத்தம் கேட்கிறது. அலை எங்கே என்றுதான் தெரியவில்லை.

திடீரென்று காலடியிலிருந்து கிளம்பியது ஒரு கத்தல். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆள்காட்டி" என்றார். "ஆள் வந்தா கத்தும். ஊருக்கே காட்டிக் கொடுத்துடும்."

"ஆள் வந்தா மட்டும்தான் கத்துமா?"

"மட்டும்தான். சும்மா கத்தாது."

பனி கொஞ்சம் நகர்ந்தது. எதிரே சேற்றுத் திட்டு. அதைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திட்டு முழுக்கப் பறவைகள். நாரை, கொக்கு, பேர் தெரியாத நெட்டைக்காலிகள். ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. எல்லாம் ஒற்றைக் காலில் நிற்கின்றன. அத்தனையும் எங்கள் பக்கம் திரும்பி நிற்கின்றன. நாங்கள் அவற்றைப் பார்க்கப் போனோம். அவை எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தன.

"எல்லாத்துக்கும் ஒத்தைக் கால்தாங்க" என்றேன்.

"மத்ததை மடக்கி வச்சிருக்கு" என்றார்.

"அவளும் மடக்கித்தான் வச்சிருப்பாளோ?"

"சும்மா இருடி. எண்ணிக்கை விட்டுப்போச்சு."

எண்ணவே ஆரம்பிக்கவில்லை மனுஷர். அவர் கண் தெற்கே சவுக்குத் தோப்பின் பக்கமே இருந்தது.

ஓரமாக இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். என் முன்னால் தைரியம் காட்ட வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, இவர் சிரித்துக்கொண்டே குரல் கொடுத்தார்.

"ஏம்ப்பா! இங்க ஒத்தைக்கால் பொம்பளை ஒருத்தி நிக்கிறாளாமே?"

வலைக்காரர் சிரிக்கவில்லை. வலையை உதறிக்கொண்டே சொன்னார்.

"நிப்பா."

இவர் சிரிப்பு பாதியில் நின்றது. "நீ... பார்த்திருக்கியா?"

"இன்னிக்கு இன்னும் வரலை" என்றார் அவர். வலையை வீசினார். அது வட்டமாக விரிந்து சத்தமில்லாமல் முழுகியது.

கொஞ்ச தூரம் நடந்தோம்.

"அவன் விளையாட்டுக்குச் சொல்றான்" என்றார்.

"நீங்கதானே முந்தாநாள் சொன்னீங்க?"

"நான் சொன்னது வேற லோகு."

"வேற ஒருத்தியா? அப்ப ரெண்டு பேரா நிக்கிறாங்க?"

அவர் நடையை எட்டிப் போட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம் தட்டத்தான் செய்தது. ஓட்டைப் பார்த்து இவர் இட்டுக்கட்டினது அந்த மனுஷருக்கு எப்படித் தெரிந்தது?

அப்போதுதான் அது கத்தியது. தூரத்தில், திட்டுக்கு அப்பால். அரிவாள் மாதிரி வளைந்த நீள மூக்கு வைத்த ஒரு பறவை என்று பிறகு பைனாகுலர் கண்ணாடியில் பார்த்தேன். கேட்டபோது பறவை என்று தோன்றவில்லை. ஒரு பொம்பளை வாய்விட்டு அழ ஆரம்பித்து, யாரோ வருகிறார்கள் என்று பாதியில் அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. மறுபடி கத்தியது. எனக்கு மார்பு கனத்து ரவிக்கை நனைந்துவிட்டது. வீட்டில் அஞ்சுகம் அழுதால்தான் இப்படி ஆகும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். இவர் பொய்யாகச் சொன்ன அந்தப் பொம்பளை மேல் எனக்கு முதல் தடவையாக ஒரு இரக்கம் வந்தது. இத்தனை பனியில் ஒருத்தி எங்கே என்று தேடுவாள்?

வாடைக்காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து அடித்தது. சவுக்குத் தோப்பில் மெல்லிசாகப் புகை எழும்பியது. அவர் அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"லோகு, வயித்தைக் கலக்குது. இப்படித் தோப்புப் பக்கம் ஒதுங்கிட்டு வந்துடறேன். நீ இந்த வரப்புல உக்காந்து கூழைக்கடாவை எண்ணிக்கிட்டு இரு."

"அந்தக் கண்ணாடியைக் குடுத்துட்டுப் போங்க."

கொடுக்க மனமில்லை. கேட்ட பிறகு கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒதுங்கப் போகிறவனுக்குப் பைனாகுலர் எதற்கு? கழற்றிக் கொடுத்தார். நான் கண்ணில் வைத்துத் தோப்பைப் பார்த்தேன். ஒரு ஆள் குந்தியிருக்கிறார். அடுப்பு எரிகிறது. பனிக்காகத் தலையில் வெள்ளைத் துண்டு போர்த்தியிருக்கிறார். பூமிநாதன்தான். அந்தத் தொப்பையை நான் ஊர்வலத்தில் பார்த்தாலும் கண்டுபிடிப்பேன்.

"அங்க யாரோ குந்தியிருக்காங்க" என்றேன்.

"யாராவது மீன்காரங்களா இருக்கும்."

"முகம் தெரியலைங்க. வெள்ளை முக்காடு."

"முக்காடா?"

"கால் ஒண்ணுதான் தெரியுது."

ஒரு கால் அடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் பார்த்ததைத்தான் சொன்னேன். அவர் முகம் அந்த ஆகாயத்தின் நிறத்துக்கு வந்தது. ஆனால் காற்று ஒரு நொடி திரும்பி, மிளகு வாசனையைக் கொஞ்சம் கொண்டுவந்து போட்டது. உள்ளான் ஜெயித்துவிட்டது. அவர் கால் தானாக நடந்தது.

"பயமில்லாம போய்ட்டு வாங்க" என்று பின்னாலிருந்து சொன்னேன். "நீங்கதான் வாக்குத் தப்பாதவங்களாச்சே!"

அவர் திரும்பிப் பார்த்தார். நின்றுவிடுவார் என்றுதான் நினைத்தேன். நிற்கவில்லை.

வரப்பில் உட்கார முடியவில்லை எனக்கு. தாழம்புதர் ஓரமாகவே குனிந்து குனிந்து போனேன். தோப்புக்கு வடக்கே ஒரு புதருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை வைத்தேன். எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் தெரிகிறது. சத்தம்தான் இல்லை. பூமிநாதன் இலையை விரிக்கிறார். சட்டியிலிருந்து அள்ளி வைக்கிறார். இவர் நாலு பக்கமும் பார்க்கிறார். என் சோற்று மூட்டையை அவிழ்க்கிறார். வெறும் சோறு! ஒரு துண்டை எடுக்கிறார். அதே கை. மஞ்சள் முடிச்சின் மேல் வைத்த அதே கை.

கத்த வேண்டும். என்னவென்று கத்துவது? "ஏங்க" என்று கத்தினால் லோகு என்று தெரிந்துவிடும். "அஞ்சுகம் அப்பா" என்றாலும் நான்தான். அவர் கை மேலே போகிறது. வாய் திறக்கிறது.

நாக்கு எப்படித் திரும்பியது என்று எனக்குத் தெரியாது.

"சோமசேகரா...!"

காற்று அதை என் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிற்று. கத்திப் பழக்கமில்லாத தொண்டை. எனக்கே அது என் குரலாகத் தெரியவில்லை. அவர் கை அந்தரத்தில் நின்றது. பூமிநாதன் கரண்டியோடு எழுந்தார். திட்டில் இருந்த பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. வானம் இன்னும் இருட்டிவிட்டது.

"சோமசேகரா...!"

அவ்வளவுதான். மூன்றாவது தடவை வரவில்லை. தாலி கட்டின மனுஷரை வாடா போடா என்கிற மாதிரி கூப்பிட்டுவிட்டேனே என்று வாயைப் பொத்திக்கொண்டு புதருக்குள்ளேயே கவிழ்ந்துவிட்டேன். காதிலும் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டேன். தலைக்கு மேலே சிறகுச் சத்தம் மட்டும் நெடுநேரம் போய்க்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது தோப்பில் அடுப்பும் சட்டியும் இருந்தன. ஆட்கள் இல்லை.

வந்த வழியே ஓடி வரப்பில் உட்கார்ந்தேன். மூச்சு அடங்கவும் அவர் வந்து சேரவும் சரியாக இருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. சோற்று மூட்டை இல்லை. வேட்டி முழுக்க நெருஞ்சி முள்.

"லோகு... வாயில வைக்கலை. சத்தியமா வாயில வைக்கலை!"

"எதைங்க?"

விழித்தார். "ஒண்ணுமில்லை. நீ யாரையாவது பார்த்தியா? யாராவது கூப்பிட்டாங்களா?"

"பறவைதான் கத்துச்சு."

"பறவை இல்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. என் பேரை."

"உங்க பேரைச் சொல்ல இங்க யாருங்க இருக்கா? நான் சொல்ல முடியுமா?"

"அதான் லோகு! அதான் சொல்றேன்!" என்று அழாத குறையாக என் கையைப் பிடித்துக்கொண்டார். "இங்க இருக்கிறது நீ ஒருத்தி. உன்னால சொல்ல முடியாது. அப்ப யாரு? மூணு தடவை கூப்பிட்டா. மூணு தடவை!"

"ரெண்டு..." என்று வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"என்ன ரெண்டு?"

"கூழைக்கடா. ரெண்டுதான் இருந்துச்சு."

"மூணாவது தடவை என் காதோரமா கூப்பிட்டா, லோகு. முதல் ரெண்டும் ஆத்துப் பக்கமிருந்து வந்துச்சு. மூணாவது கடல் பக்கம். பூமிநாதனும் கேட்டான். வேணும்னா கேட்டுப் பாரு."

நான் கேட்கவில்லை. நான் இருந்தது ஆற்றுப் பக்கம்.

"வீட்டுக்குப் போகலாங்க" என்றேன்.

கடலோரமாக நடந்தோம். காலையில் முன்னால் நடந்தவர் இப்போது என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில் மணலில் ஒரு ஆள்காட்டி எங்களைக் கண்டு கத்திவிட்டு அடங்கியது. "ஆள் வந்தா கத்தும், சும்மா கத்தாது" என்று அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். நாங்கள் தாண்டிப் போனோம். அலைச் சத்தம் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, எங்களுக்குப் பின்னால், அதே இடத்தில், அந்த ஆள்காட்டி மறுபடியும் கத்தியது.

"பின்னால திரும்பாதே" என்றார்.

"நான் ஏன் திரும்பறேன்?"

"அந்தக் கண்ணாடியில ஒரு தடவை..."

"நீங்களே பாருங்க."

அவர் வாங்கவில்லை. நானும் வைத்துப் பார்க்கவில்லை. சைகோனில் சண்டை பார்த்த கண்ணாடி, அன்றைக்குப் பட்டினம் வரைக்கும் என் இடுப்பில் பிள்ளை மாதிரி கனத்துக்கொண்டே வந்தது.

அஞ்சுகம் ஷரீபுன்னிசா அக்கா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி மடியில் போட்டுக்கொண்டேன். அவர் வந்து பிள்ளை நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கழுத்தில் வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. அப்புறம் நேராக எங்கள் வீட்டுச் சாமி மாடத்துக்குப் போய், மஞ்சள் முடிச்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பார்.

மறுநாள் பூமிநாதன் பெண்டாட்டி பங்கஜவல்லி, சட்டி எங்கே என்று அவரைத் தோப்புக்கே திருப்பி இழுத்துக்கொண்டு போனாளாம். அவள்தான் என்னிடம் சொன்னாள். சட்டியில் ஒரு துண்டுகூட இல்லை. நாயோ பருந்தோ தின்றிருக்கும் என்று பார்த்தால், சட்டி சாம்பல் போட்டுத் தேய்த்து, மணலில் கவிழ்த்து வைத்திருந்ததாம். வேலை முடிந்த பொம்பளைகள் கொல்லையில் கவிழ்ப்போமே, அந்த மாதிரி. பக்கத்தில் என் சோற்று மூட்டைத் துணி, அலசிக் காயப்போட்டு, நாலாக மடித்து இருந்தது.

அந்த வலைக்காரர் வேலையாக இருக்கும் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். ஷரீபுன்னிசா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் கூப்பிட்ட ரெண்டு, நான் கூப்பிடாத ஒன்று, எல்லாம்.

"பாவம்டி. அவளுக்கும் ஆக்கிப்போட ஆளில்லை போல" என்றார்கள். பிறகு என் கன்னத்தில் ஒரு இடி இடித்து, "வாய் இல்லாதவளாம் வாய் இல்லாதவ! சோமசேகராவாம்ல!" என்று சிரித்தார்கள். நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

தை பிறந்தது. வைத்தீஸ்வரன் கோயிலில் அஞ்சுகத்துக்கு முடியிறக்கினோம். ஊரே கூடுகிற மாதிரி கத்தினாள். சந்தனம் பூசின மொட்டைத் தலையோடு மடியில் உட்கார்ந்து அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள். முடிச்சை அவிழ்த்து உண்டியலில் போட்டோம். விரதம் தீர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூமிநாதன் பெரிய மனசோடு ஒரு கொத்து உள்ளான் வாங்கிக்கொண்டு வந்தார். நடந்ததெல்லாம் போகட்டும், இப்போது தடை ஒன்றும் இல்லையே என்றார். நான் உரித்து, மஞ்சள் தடவி, மிளகு கொஞ்சம் தாராளமாகவே தட்டிப் போட்டு வறுத்தேன். தெரு முழுக்க மணந்தது. இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, ஆறிப்போகுது. அவ்வளவையும் நான் ஒருத்தியா சாப்பிடறது?"

"நீ சாப்பிடு லோகு" என்றார், கடல் இருக்கிற திசையை ஒரு தடவை பார்த்துவிட்டு. "எனக்கு வெறும் சோறு போதும்."